அடையாள அட்டையில் இருந்த மாறுகண்

மன்னார் ஆஸ்பத்திரியில் எங்கள் கண் பிரிவுக்குப் புது இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. பிள்ளையை அதற்கு முன்னால் இருத்தினால் போதும். கண் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது, எவ்வளவு விலகியிருக்கிறது, என்ன கண்ணாடி வேண்டும் என்று எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். இப்போது அங்கே வேலை செய்யும் இளம் தாதிமார் அதைக் காட்டுவதற்கு, ஓய்வில் இருக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். முதல் நோயாளியாக என்னையே இருத்திப் படம் பிடித்தார்கள்.

"மிஸி, உங்கட கண் நேராத்தான் இருக்கு," என்றாள் ஒருத்தி. தாதியை இங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

இத்தனை வருடம் கண்ணையே பார்த்துப் பிழைத்தவளுக்கு இப்போதாவது யாரோ சான்றிதழ் தந்தார்கள். சந்தோஷம். பிறகு அவள் கேட்டாள், "சண்டை நேரம் இது ஒண்டும் இல்லாம என்னெண்டு மிஸி பார்த்தனீங்கள்?" ஒரு தேநீர் நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்றேன். அப்படியானால் எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன்.

நான் பேசாலைக்காரி. கொழும்பில் தாதிப் பயிற்சி, பிறகு கண் வார்ட்டில் இரண்டு வருடம், பிறகு ஊருக்கு மாற்றம். அந்த மாற்றத்தை நானே கேட்டு வாங்கினேன் என்றால் இப்போதும் பலர் நம்புவதில்லை. சண்டை நடக்கிற இடத்தை விட்டு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தபோது நான் எதிர்ப்பக்கமாக வந்தேன். கண் வார்ட்டில் வேலை தெரிந்த தாதி வேறு யாரும் மன்னாரில் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வந்தேன்.

வந்த புதிதில் மாறுகண்ணுக்காக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு. காய்ச்சலுக்கு வருவார்கள், எறிகணைத் துண்டு பட்டு வருவார்கள். ஊரில் வாக்குக்கண் என்று சொல்லும் மாறுகண்ணை நோய் என்று யாரும் நினைக்கவில்லை. சிலர் அதை அதிர்ஷ்டம் என்றார்கள். சிலர், வளர வளரத் தானாகச் சரிவரும் என்றார்கள். அப்படித் தானாகச் சரிவந்த கண்ணை நான் இதுவரை பார்க்கவில்லை. கைக்குழந்தைகளில் சிலருக்கு மூக்கடி அகலமாக இருப்பதால் மாறுகண் போலத் தெரியும். முகம் வளர அந்தத் தோற்றம் போய்விடும். அதைப் பார்த்தவர்கள் கட்டிய கதைதான் இது.

கொண்டுவந்த பிள்ளைகளுக்கு நல்ல கண்ணை மூடிக் கட்டச் சொல்லுவோம். விலகிய கண்ணை மூளை சட்டை செய்யாமல் விட்டுவிடும். நல்ல கண்ணை மூடினால், வேறு வழியில்லாமல் அது சோம்பல் கண்ணைப் பாவிக்கும். இதை எத்தனை தரம் சொல்லி அனுப்பினாலும் அடுத்த முறை வரும்போது கட்டு விலகிய கண்ணுக்கு மாறித்தான் இருக்கும். தலைமன்னாரிலிருந்து வந்த தாய் ஒருத்தி என்னையே கேட்டாள், "நோயில்லாத கண்ணுக்கு ஏன் மிஸி கட்டு? காயம் பட்ட காலுக்குத்தானே கட்டுப் போடுறது?" அவளோடு வாதாடவில்லை. கட்டை அவிழ்த்து, பிள்ளையின் நல்ல கண்ணை என் உள்ளங்கையால் மூடி, வாசலில் நின்ற தாயை நோக்கி அதை நடக்கவிட்டேன். பிள்ளை கதிரையில் இடித்துக்கொண்டு நின்றது. தாய் அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கட்டு மாறவே இல்லை.

இனி எங்கள் டொக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண் சத்திரசிகிச்சை நிபுணர். பாதை திறந்திருக்கிற கிழமைகளில் வவுனியாவிலிருந்து வருவார். ஒல்லியான மனிதர், குரல் அதைவிட ஒல்லி. கைக்குழந்தையைக்கூட நீங்கள் என்றுதான் கதைப்பார். "நீங்கள் இஞ்ச பாருங்கோ, இந்தப் பூனை என்ன செய்யுது?" என்று மூன்று மாதப் பிள்ளையைக் கேட்பார். நோயாளியின் கண் மட்டத்துக்குத் தன் கண் வரும்வரை கதிரையை உயர்த்துவார், இறக்குவார், சில வேளை தரையிலேயே இருந்துவிடுவார். யாரையும் ஏசினதை நான் கேட்டதில்லை. பிழை விட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். நாங்கள் செய்ததை அப்படியே விட்டுவிட்டு, முதலிலிருந்து தான் செய்து காட்டுவார். அதைவிட ஏச்சு வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஐஸ்கிரீம் குச்சி இருக்கும். அதன் நுனியில் பத்திரிகையிலிருந்து வெட்டிய பொடி எழுத்துகளை ஒட்டியிருப்பார். மாறுகண் பார்ப்பதற்கு அந்தக் குச்சியும், ஒரு டோர்ச்சும், தன் கையும் போதும் என்பார். டோர்ச் வெளிச்சத்தைக் காட்டினால் இரண்டு கருமணியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். இரண்டும் நடுவில் விழுந்தால் கண் நேர். ஒன்று ஓரத்தில் விழுந்தால் அந்தக் கண் விலகியிருக்கிறது. பிறகு ஒரு கண்ணை மறைக்க வேண்டும். மறைக்கும்போது மற்றக் கண் இடம் மாறி வந்து பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும். இவ்வளவும் கொழும்பிலேயே படித்தேன். குச்சி எதற்கு என்பதை மட்டும் றெஜினா வந்த அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

றெஜினா விடத்தல்தீவுப் பிள்ளை. தகப்பன் கடல் தொழில். அவர்களின் ஊர் அப்போது புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆமியின் சோதனைச்சாவடி தாண்டித்தான் மன்னாருக்கு வரவேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தாயும் மகளுமாக வந்து கிளினிக்கில் இருந்தார்கள். தாய் கதைத்தாள், மகள் குனிந்தபடி இருந்தாள்.

"வெட்டி நேராக்கி விடுங்கோ டொக்டர். பிள்ளைக்கு நியமனத்துக்கு நேர்முகம் வரப்போகுது. கலியாணமும் பேச வேணும்."

டொக்டர் தாயை விட்டு மகளைப் பார்த்தார். "உங்களுக்கு இதால என்ன கஷ்டம்? நீங்கள் சொல்லுங்கோ."

அவள் குனிந்தபடியே சொன்னாள், "வகுப்பில நான் ஒருத்தனைக் கேள்வி கேட்க ரெண்டு பேர் எழும்பீனம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

நான் டோர்ச்சை எடுத்துக் காட்டினேன். இரண்டு புள்ளியும் நடுவில். மறுபடியும் காட்டினேன். நடுவில். "நேராத்தான் இருக்கு டொக்டர்," என்றேன். தாய் என்னை ஒரு பார்வை பார்த்தாள். டொக்டர் பையிலிருந்து குச்சியை எடுத்து அவளின் முகத்துக்குக் கிட்டப் பிடித்து, "மேல் வரியை வாசியுங்கோ," என்றார். அவள் வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது சொல்லில் இடது கண் மூக்கோரம் போய் ஒட்டிக்கொண்டது.

"வெளிச்சத்தைப் பார்க்கிறதுக்குக் கண் மினக்கெடத் தேவையில்லை," என்று என்னிடம் சொன்னார். "எழுத்தைப் பார்க்கத்தான் மினக்கெட வேணும். இவவின்ர கண் மினக்கெடேக்க மட்டும்தான் போகுது."

மணியை விரிக்கும் துளிமருந்து விட்டு, கண்ணுக்குள் வெளிச்சக் கீற்றை ஓடவிட்டு, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தார். அவசரமே இல்லை. வெளியே வரிசை முற்றம்வரை நின்றது. பார்த்து முடித்துத் தாய்க்கு விளங்கப்படுத்தினார். இந்தப் பிள்ளைக்கு இரண்டு கண்ணிலும் தூரப்பார்வை, கிட்டத்தில் உள்ளதைப் பார்ப்பதுதான் கஷ்டம். மற்றவர்களின் கண் சும்மா இருந்து பார்ப்பதை இவளின் கண் தம் பிடித்துப் பார்க்கிறது. தம் பிடிக்கிற வேலையும் உள்ளுக்குத் திரும்புகிற வேலையும் கண்ணில் சேர்ந்தே நடப்பவை. ஒன்று கூடினால் மற்றதும் கூடும். கண்ணாடி அந்த உழைப்பை எடுத்துவிட்டால் கண் தானாக நேரே நிற்கும்.

"கத்தி வைச்சா?" என்று தாய் விடவில்லை.

"கத்தி வைச்சா இப்ப நேராகும். பிறகொருநாள் கண்ணாடி போடேக்க வெளிப்பக்கம் போகும். உங்கட மகளின்ர கண்ணில பிழை இல்லை அம்மா. அது அளவுக்கு மிஞ்சி வேலை செய்யுது."

அப்போதுதான் தாய் ஒன்றைச் சொன்னாள். சண்டைக்குப் பயந்து படகேறி இந்தியாவுக்குப் போய் முகாமில் இருந்த காலத்தில் பிள்ளைக்குக் கண்ணாடி கொடுத்தார்களாம். அதைப் போட்டபடிதான் வளர்ந்தாளாம். ஊருக்குத் திரும்பிய பிறகு அது உடைந்துவிட்டது, வேறொன்று வாங்கிக் கொடுக்கவில்லை. டொக்டரின் முகம் மலர்ந்ததை அன்றுதான் கண்டேன். சின்ன வயதில் கண்ணாடி போட்டிருந்ததால்தான் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கப் பழகியிருக்கிறது, அதனால்தான் இன்னும் காலம் பிந்தவில்லை என்றார்.

கண்ணாடி கொழும்பிலிருந்து வர நாளெடுத்தது. வந்தபோது எங்கள் நடமாடும் கிளினிக் விடத்தல்தீவுக்குப் போக அனுமதி கிடைத்திருந்தது. டோர்ச்சுக்குப் பற்றரி கொண்டுபோக ஆமி விடாது. சூரிய வெளிச்சத்தை நம்பித்தான் போவோம். கண்ணாடியை நானே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். தூரம் கொஞ்சம் மங்கும், சில நாளில் பழகும் என்று சொன்னேன். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். அவள் பார்த்தாள். எட்டப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அதைத் திருப்பித் தந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நேர்முகம் அடுத்த நாள் காலையில், மன்னாரில். "எங்கட வாகனத்திலயே வா பிள்ளை, இரவைக்கு என்ர வீட்டில நிண்டுட்டுப் போகலாம்," என்றேன். வழி முழுக்க நிமிர்ந்தே இருந்தாள்.

சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னும் பின்னும் சனம். இளம் சிப்பாய் ஒருவன் றெஜினாவின் அட்டையை வாங்கிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். திரும்ப அட்டையைப் பார்த்தான். எனக்கு அப்போதுதான் பொறிதட்டியது. அட்டைக்குப் படம் பிடித்த நாளில் கமராவை உற்றுப் பார்த்திருப்பாள் போலும். படத்தில் இடது கண் மூக்கோரம் இருந்தது. முன்னால் நிற்பவளுக்கு இரண்டு கண்ணும் நேர். முன்பு தாயோடு தாண்டியபோது கண் போயிருந்திருக்கும், யாரும் சந்தேகப்படவில்லை.

"கண்ணாடி கழற்று," என்றான்.

கழற்றினாள். அப்போதும் கண் நேராகவே இருந்தது. பயத்தில் எதையும் பார்க்காமல் வெறுமனே முன்னால் விழித்துக்கொண்டு நின்றாள். சிப்பாய் அதிகாரியைக் கூப்பிட்டான். அதிகாரி வந்து படத்தையும் முகத்தையும் பார்த்து, "இது யாருடைய அட்டை?" என்று சிங்களத்தில் கேட்டார். வேறொருத்தியின் அட்டையில் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவள் என்றால் அவர்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், இயக்கக்காரி. விசாரணைக்கு முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்றார். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது. றெஜினா தன் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

எங்கள் சாரதி முத்தையா அண்ணன் பதுளைப் பக்கத்தில் பிறந்தவர், கலவரத்துக்குப் பிறகு முருங்கனில் குடியேறியவர். அவர் என் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னார், "மிஸி, நீங்க வாயத் தொறக்காதீங்க. நம்மளையும் சேத்து இருத்திருவாங்க."

அவர் பட்டவர், பயப்படுவதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கண்ணில் என்ன நடக்கிறது என்று அந்த இடத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் முன்னால் போனேன். கொழும்பில் பழகிய சிங்களம் எனக்குத் தடங்கலில்லாமல் வரும்.

"மாத்தயா, நான் அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் தாதி. இந்தப் பிள்ளைக்கு மாறுகண். இன்று காலைதான் கண்ணாடி கொடுத்தேன். அதுதான் நேராக நிற்கிறது."

"இப்போது கண்ணாடி இல்லையே. அப்போதும் நேராகத்தானே இருக்கிறது?"

"ஒன்றையும் பார்க்காமல் நிற்கிறாள், அதனால். சின்ன எழுத்தைப் பார்த்தால்தான் போகும்."

"போய் வருகிற மாறுகண்ணை நான் கேள்விப்பட்டதில்லை."

"அட்டையை அவளுக்குக் கிட்டப் பிடியுங்கள். இலக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். இடது கண்ணைப் பார்த்துக்கொண்டிருங்கள்."

"போகாவிட்டால்?"

"போகாவிட்டால் என்னையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்," என்றேன். பின்னால் முத்தையா அண்ணன் மாதாவைக் கூப்பிட்டது கேட்டது. அவர் இந்து.

அதிகாரி சம்மதித்தார். இனி றெஜினாவிடம் சொல்ல வேண்டியது என் வேலை. அந்த வேலைக்கு என் வாய் எளிதில் திறக்கவில்லை. கிட்டப் போய் அவள் தோளில் கை வைத்து விசயத்தைச் சொன்னேன்.

"எல்லாரும் பார்க்கினம் மிஸி," என்றாள்.

"ஓம் பிள்ளை."

"இண்டைக்குக் காலமைதான் இது போனது."

பதினெட்டு, இருபது பேர் பார்க்க, ஆமிக்காரனுக்கு முன்னால், ஒரு குமர்ப்பிள்ளை தன் மாறுகண்ணைத் தானே வரவழைத்துக் காட்ட வேண்டும். அதைச் செய்யச் சொல்லுகிறவள் அதை மாற்றிவிட்டவள். கோபம் யாரில் என்று தெரியவில்லை, வந்தது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அது தானா வராது. நீதான் மனதை வைச்சு வாசிக்க வேணும். மங்கலாத் தெரிஞ்சா விட்டுடாதை, தெரியுமட்டும் பார்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அதிகாரி அட்டையை அவள் முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். முதல் இலக்கத்தைச் சொன்னாள். கண் அசையவில்லை. இரண்டாவது இலக்கத்தில் தடுமாறினாள், கண்ணைச் சிமிட்டினாள். பிறகு அவள் புருவத்தைச் சுருக்கி, பல்லைக் கடித்து, அந்த அட்டைக்குள் புகுந்துவிடுகிற மாதிரிப் பார்த்தாள். அடுத்த இலக்கத்தில் இடது கண் மெல்ல அசைந்து மூக்கோரம் போய் நின்றது. அவள் நிறுத்தவில்லை. கடைசி இலக்கம்வரை உரத்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல வாசித்து முடித்தாள்.

அதிகாரி படத்தை அவள் கன்னத்தோடு வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே முகம். இளம் சிப்பாய் சிரித்துக்கொண்டு, இன்னொருதரம் செய்யச் சொன்னான். அதிகாரி அவனை ஒரே சொல்லில் அடக்கினார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் அவளிடம் கேட்டார், "நோவுதா?"

"இல்லை," என்றாள் றெஜினா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாகனத்தில் ஏறினாள்.

அன்று இரவு அவள் என் வீட்டில் தங்கினாள். காலையில் நேர்முகத்துக்குப் போனாள். நியமனம் பிறகு கிடைத்தது. பல வருடம் படிப்பித்து, அதிபராகவும் இருந்தாள். இங்கே நான் சொல்ல வந்தது அதுவல்ல.

நேர்முகம் முடிந்த கையோடு கிளினிக்குக்கு வந்தாள். டொக்டர் வருகிற நாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கதிரையை அவளின் கண் மட்டத்துக்கு இறக்கினார்.

"திரும்பிப் போகேக்கயும் அந்தச் சாவடிதான். ஒவ்வொரு தரமும் நீங்கள் இதைச் செய்து காட்டேலாது. நான் கடிதம் தாறன். கண்ணாடியோட புதுப் படம் எடுத்து அட்டையை மாத்துங்கோ," என்று பேனையைத் திறந்தார்.

"வேண்டாம் டொக்டர்," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும்தான். நேற்று அவள் நின்ற நிலையைக் கண்ணால் கண்டவள் நான். அந்தப் படத்தை அவள் கிழித்தெறிவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"கேட்டா வாசிச்சுக் காட்டிப்போட்டுப் போறன். நேற்று நான் என்ர பேரைச் சொன்னனான், அப்பான்ர பேரைச் சொன்னனான், ஒருத்தரும் நம்பேல்லை. அந்தப் படத்தில இருக்கிறவ வந்து முகத்தைக் காட்டினாப் பிறகுதான் விட்டவங்கள். இவ்வளவு காலமும் அவவை எனக்குக் கண்ணிலயும் காட்டக் கூடாது டொக்டர். அவதான் எனக்குப் பிணை நிண்டவ. அவவை நான் எப்பிடி மாத்திறது?"

டொக்டர் பேனையை மூடிப் பையில் வைத்தார்.